கடலோரப் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்தில் அலைச்சறுக்கும் கச்சேரியும் கைகோத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் கடலோர பாப் என்றதும் நம் பிள்ளைகள் கலிபோர்னியாவைத்தான் கைகாட்டுகிறார்கள். அக்கரை இலங்கை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அங்கே அறுபதுகளின் கடைசியில் நித்தி கனகரத்தினம் தானே எழுதி, கிட்டாரோடு தானே பாடினார். மாமியிடமே போய் மகளை விசாரிக்கிற அந்தக் குறும்பான 'சின்ன மாமியே' அவருடையது. போர்த்துக்கீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் இலங்கையில் விட்டுப்போன பைலா இசையின் துள்ளல் அதில் இருக்கிறது. திஸ்ர நடை, கேட்டால் கை தானாகத் தாளம் போடும்.

பிறகு ஏ.ஈ. மனோகரன், நமக்கு சிலோன் மனோகர். 'சுராங்கனி'யை மேடை மேடையாகக் கொண்டுபோனவர். மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒருத்தியைக் கூப்பிடுகிற அந்தப் பாட்டைக் கோவளம் குப்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் படங்களில் நடித்தார், 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

ஈசிஆரில் போகிற எந்தக் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்திலும் இந்த இரண்டு பாட்டும் உண்டு. யார் எழுதியது என்று கேளுங்கள். "நாட்டுப்புறப் பாட்டு சார்" என்பார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். எழுதியவர் இருக்கும்போதே பாட்டு அநாதையாகிவிட்டது. நான் பார்த்த பழைய கேசட் உறைகளிலும் 'சிலோன் பைலா' என்பதோடு சரி.

பீச் பாய்ஸின் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' 1963-ல் வந்தது. சக் பெரி 1958-ல் போட்ட மெட்டுக்கு பிரையன் வில்சன் எழுதிய புது வரிகள் அவை. முதலில் விட்டுப்போன பெரியின் பெயர் பிறகு இசைத்தட்டில் ஏறியது. கேட்டார்கள், கிடைத்தது. நம் பதிப்புரிமைச் சட்டமும் சளைத்ததல்ல: எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை, 2012 திருத்தத்தில் ராயல்டிப் பங்குக்கும் பாதுகாப்பு. ஆனால் எழுதியவர் பெயரே தெரியாத பாட்டுக்கு யார் போய்க் கேட்பது?

ஊர் வாயில் புழங்குவதே பெருமை, பெயர் எதற்கு என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். சொந்தமாக எழுதிப் பாட வருகிற கோவளத்துப் பையனுக்கு அந்தப் பெருமை சோறு போடாது. அடுத்த கோவளம் அலைச்சறுக்கு விழாவின் நிகழ்ச்சி நிரலில் பாடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் அச்சடியுங்கள். நித்தி கனகரத்தினத்திடமிருந்து தொடங்கலாம்.