அறுபது பேர் நடுவே ஒரு விருந்தாளி

செஞ்சி வட்டாரத்துப் பனமலையில், குன்றின் மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தக் குன்றின் மேல் நாகசுரம் வாசித்தால் அடிவாரத்து ஏரிக்கரையில் நிற்பவருக்கும் கேட்கும். அதே இடத்தில் வீணை வாசித்தால் ஒலி மண்டபத்தைத் தாண்டாது. வாசிப்பவர் திறமையில் குறைவில்லை. கருவியின் இயல்பு அப்படி. அந்த வீணையை அறுபது எழுபது பேர் கொண்ட மேற்கத்திய சிம்பனிக் குழுவின் நடுவே வைத்தால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. 1971இல் ரவிசங்கர் சிதாருக்கென்றே ஒரு கான்செர்ட்டோ இயற்றி, ஆந்திரே பிரெவின் நடத்திய லண்டன் சிம்பனிக் குழுவுடன் வாசித்தார். 1985இல் நம் எல். சுப்பிரமணியம், சூபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவோடு தமது படைப்பை வயலினில் வாசித்தார். மும்பையில் 2006இல் தொடங்கப்பட்ட இந்திய சிம்பனிக் குழுவுடன் 2015இல் ஜாகிர் உசேன் தபேலா கான்செர்ட்டோ ஒன்றை அரங்கேற்றினார். கான்செர்ட்டோ என்பது ஒரு தனிக்கருவியும் முழுக் குழுவும் மாறி மாறியும் சேர்ந்தும் இசைப்பதற்காக எழுதப்படும் உருப்படி. குழு நிலையானது, தனிக்கலைஞர் விருந்தாளி. சில ஒத்திகைகளுக்குப் பின் மேடை ஏறுவார்.

அறுபது பேருக்கு எதிரே ஒருவர் எப்படிக் காதில் விழுகிறார்? 'அவர் அறுபது மடங்கு பலமாக வாசிக்க வேண்டும்' என்று வகுப்பில் மாணவர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினாறு வயலின்கள் ஒரே சுரத்தை வாசிக்கின்றன என்று கொள்ளுங்கள். அவற்றின் அதிர்வுகள் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். ஆகவே வீச்சு 16 மடங்கு ஆகாது, 16இன் வர்க்கமூலமான 4 மடங்கே ஆகும். ஒலிச்செறிவு 16 மடங்காகிறது. அதாவது 12 டெசிபெல் உயர்வு. நம் காதோ சுமார் 10 டெசிபெல் உயர்ந்தால்தான் ஒலி இரட்டித்ததாக உணர்கிறது. எனவே பதினாறு வயலின்கள் நமக்கு ஒரு வயலினைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவே கேட்கும். விருந்தாளியின் பாதி வெற்றி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

மறு பாதி அதிர்வெண்ணில் இருக்கிறது. முழுக் குழுவின் ஒலியாற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டியே குவிந்திருக்கும். அதற்கு மேலே போகப்போக விரைவாகக் குறையும். 3000 ஹெர்ட்ஸ் அருகே குழு ஏறக்குறைய இடம் விட்டு நிற்கிறது எனலாம். நம் காது கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியில்தான். செவிக்குழல் ஒரு முனை மூடிய குழாய். நீளம் சுமார் 2.5 செ.மீ. மூடிய குழாயின் அடிப்படை அதிர்வெண் திசைவேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். வினாடிக்கு 340 மீட்டரை 0.1 மீட்டரால் வகுத்துப் பாருங்கள்: 3400 ஹெர்ட்ஸ்! அங்கே ஒத்ததிர்வு ஏற்படுவதால் மெல்லிய ஒலியும் பெரிதாகிச் செவிப்பறையை அடைகிறது.

மேற்கத்திய ஆபெரா பாடகர்கள் மைக் இல்லாமல் ஒரு குழுவையே மீறிப் பாடுவதன் காரணத்தை சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுண்ட்பெர்க் 1970களில் இப்படித்தான் விளக்கினார். அவர்கள் தொண்டையை அமைத்துக்கொள்ளும் விதத்தால் குரலின் மேற்சுரங்கள் 3000 ஹெர்ட்ஸ் அருகே திரள்கின்றன. குழு இல்லாத இடத்தில் குரல் நுழைந்துகொள்கிறது. நம் நாகசுரத்தின் சீவாளியும் கூம்பு வடிவக் குழலும் செய்வது ஏறக்குறைய இதே வேலை. அதன் ஒலியில் உயர்ந்த மேற்சுரங்கள் செழிப்பாக இருக்கின்றன.

வீணைக்கும் சிதாருக்கும் மேற்சுரப் பஞ்சம் இல்லை. ஒரு தந்தியை மீட்டும் புள்ளியில் எந்த மேற்சுரத்திற்குக் கணு அமைகிறதோ, அந்த மேற்சுரம் எழாது என்பது பழைய விதி. வீணை, தம்புரா ஆகியவற்றில் அந்த மேற்சுரமும் தெளிவாகக் கேட்பதை சர் சி. வி. ராமன் 1921இல் எடுத்துக்காட்டினார். அகன்று வளைந்த குதிரையின் மேல் தந்தி பட்டும் படாமலும் அதிர்வதே காரணம். இவ்வளவு இருந்தும், மீட்டிய ஒலி உடனே தேயத் தொடங்குகிறது. வெளிவிடும் ஆற்றலும் சொற்பம். வயலின்காரர் வில்லால் ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறார். வீணைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே சிம்பனி மேடையில் சிதாருக்குப் பெரும்பாலும் மைக் வைக்கிறார்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒருவருக்கு ஏற்றினால் அடுத்தவரும் ஏற்றச் சொல்லும் வழக்கத்தை நம் கச்சேரிகளில் பார்க்கிறோம். எல்லாருக்கும் 6 டெசிபெல் ஏற்றினால் அவர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு பழையபடியே இருக்கும். நம் காதுதான் நோகும். தேர்ந்த இசையமைப்பாளர் மாற்று வழி செய்கிறார். விருந்தாளி வாசிக்கும் இடங்களில் குழுவில் பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொல்லி எழுதுகிறார். என் கருத்தில் எந்த ஒலிபெருக்கியையும்விட இது மேல்.

கேட்பது ஒருபுறம் இருக்க, சேர்வது எப்படி? சிம்பனிக் குழுவில் ஓபோ என்ற குழல் 440 ஹெர்ட்ஸ் சுரத்தை நீட்ட, எல்லாரும் அதற்குச் சுருதி சேர்க்கிறார்கள். நம் கணக்கில் அது ஆறு கட்டை. விருந்தாளி 442இல் சேர்த்துவிட்டால் வினாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். அதையாவது முறுக்காணியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். அந்தர காந்தாரத்தில்தான் வம்பு. 440ஐச் சட்சமாகக் கொண்டால், நம் காது விரும்பும் காந்தாரம் அதன் 5/4 பங்கு, 550 ஹெர்ட்ஸ். பியானோவின் சமப்பிரிவுக் கணக்கிலோ அது 554.4. இரண்டையும் சேர்த்து நீட்டினால் வினாடிக்கு நான்கு விம்மல்களுக்கு மேல் எழுந்து சுரம் நடுங்கும். ஆகவே இருவரும் அந்தச் சுரத்தில் ஒருங்கே நிற்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. இது போதாதென்று வெப்பமும் சேர்ந்துகொள்ளும். அரங்கு சூடானால் காற்றில் ஒலியின் வேகம் கூடி, குழல் கருவிகளின் சுருதி ஏறும். தந்திகளோ நீண்டு தளர்ந்து இறங்கும்.

தபேலாவுக்குச் சுருதி எங்கே என்று சிலர் கேட்கலாம். சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் முரசின் ஒலியில் சுரம் துலங்குவதில்லை. நடுவே கரணை பூசிய மிருதங்கத்திலும் தபேலாவிலும் தோலின் பாரம் நடுவில் கூடி, மேற்சுரங்கள் ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளுக்கு வந்துவிடுகின்றன. இதையும் ராமன் 1920இலேயே கண்டு எழுதினார். ஆகவே மும்பை மேடையில் ஓபோ சுருதி கொடுத்தபோது வயலின்களைப் போலவே தபேலாவும் அதோடு சேர முடிந்தது. அடுத்த கச்சேரியில் மிருதங்கக்காரர் கல்லால் வாரைத் தட்டும்போது, தம்புராவையும் சேர்த்துக் கவனியுங்கள். விம்மல்கள் மெதுவாகி மறைவது உங்களுக்கே கேட்கும்.