ஹெச்-இண்டெக்ஸ்னா என்ன? கைடு தேடும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கோவையில் பிஹெச்டி சேரப் போறவங்க கைடு தேடும்போது முதலில் கேட்பது, "சார் எத்தனை பேப்பர் போட்டிருக்கார்? ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்பதுதான். என்ஐஆர்எஃப் தரவரிசையிலும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆனால், இந்த எண்களை மட்டும் நம்பலாமா? தமிழ்நாட்டில் பிறந்த மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரனின் ஆய்வுகளை வைத்துப் பார்ப்போம்.

யார் இந்த ராமச்சந்திரன்?

1951-ல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1972-ல் 'நேச்சர்' இதழில் இவரது ஆய்வுக் கட்டுரை வெளியானது. பிறகு கேம்பிரிட்ஜில் பிஹெச்டி, அமெரிக்காவின் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2007-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

ஒரு கண்ணாடி செய்த மாற்றம்

கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத அந்தக் கையில் வலி இருக்கும். விரல்கள் இறுக மூடியிருப்பது போலவே தோன்றும். ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி வைத்தார். நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் இழந்த கை அசைவது போலத் தெரியும். சில நோயாளிகளுக்கு இதிலேயே வலி குறைந்தது. 1996-ல் வெளியான இந்த ஆய்வை உலகம் முழுக்கப் பலரும் மேற்கோள் காட்டினார்கள். பக்கவாதச் சிகிச்சையிலும் கண்ணாடி முறை பயன்பாட்டுக்கு வந்தது.

ஹெச்-இண்டெக்ஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஒருவரின் கட்டுரையை இன்னொருவர் தன் ஆய்வில் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன், அதாவது மேற்கோள். இதை வைத்து 2005-ல் ஹெச்-இண்டெக்ஸை உருவாக்கியவர் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். இவரும் அதே சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்காரர்தான்!

உதாரணமாக, ஒருவரின் 5 கட்டுரைகளுக்கு 10, 8, 5, 4, 1 என மேற்கோள்கள் இருக்குன்னு வெச்சுக்குவோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருப்பதால் ஹெச்-இண்டெக்ஸ் 4.

இதில் என்ன சிக்கல்?

* ஒரே ஒரு கட்டுரைக்கு 5,000 மேற்கோள் வந்தாலும் ஹெச்-இண்டெக்ஸ் 1தான்.
* இந்த எண் ஏறுமே தவிர பொதுவாகக் குறையாது. அதனால் சீனியர்களுக்குச் சாதகம், இளம் கைடுகளுக்குப் பாதகம்.
* துறைக்குத் துறை மாறும். மருத்துவத்தையும் கணிதத்தையும் ஒப்பிடக் கூடாது.
* பாராட்டும் மேற்கோள்தான், மறுப்பும் மேற்கோள்தான். 'மிரர் நியூரான்' குறைபாடே ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்ற ராமச்சந்திரனின் கருத்தைப் பல விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அந்த மறுப்புகளும் எண்ணிக்கையில் சேரும்.
* தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியும் எண்ணை ஏற்றலாம்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

பிஹெச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-ல் நீக்கியது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைக்கலாம் என்பதால், சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. தரமான இதழ்களுக்கான 'யுஜிசி கேர்' பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. இனி இதழைத் தேர்ந்தெடுப்பது மாணவர், கைடு, கல்வி நிறுவனத்தின் பொறுப்பு.

கைடை முடிவு செய்யும் முன் அவரது சமீபத்திய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துப் பாருங்கள். அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என விசாரியுங்கள். "பணம் கட்டுங்க, ஒரே வாரத்துல பேப்பர் வந்துடும்" என்று மெசேஜ் வந்தால், சிக்க வேண்டாம்.