ராகிக்கு யூரியா, துவரைக்கு வேண்டாம்... ஏற்காடு மலைக்குக் கைகொடுக்கும் நாமக்கல் கோழி எரு!

ஏற்காடு என்றதும் காபி, மிளகு, ஆரஞ்சு, படகுச் சவாரி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஆனால், சேர்வராயன் மலையில் மாரமங்கலம் போன்ற உள்கிராமங்களுக்குப் போனால் கதையே வேறு. ராகி, சாமை, நடுவே துவரை, அவரை, மொச்சை என்று வீட்டுச் சாப்பாட்டுக்கான விவசாயம்தான் இந்த மலைகளின் பழைய முகம்.

இங்கே பெரிய சவால், சரிவு நிலம். யூரியாவைத் தூவிய மறுநாள் கனமழை கொட்டினால், போட்ட காசு ஓடையோடு போய்விடும். சரி, எரு மட்டும் போடலாம் என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அத்தனை மூட்டைகளையும் மேலே ஏற்ற வேண்டும். வண்டி வாடகை கட்டுப்படியாகுமா?

இதற்கான நடுவழிதான் 'பாதி எரு, பாதி ரசாயன உரம்'. எருவுக்கும் பஞ்சமில்லை. சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ தூரத்தில், முட்டைக் கோழிகளின் தலைநகரமான நாமக்கல் இருக்கிறது.

கணக்கு இதுதான்!

மானாவாரி ராகிக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து என்பது பரிந்துரை. ஏக்கருக்குப் பார்த்தால் 16:8:8 கிலோ.

நன்றாக மக்கிய கோழி எருவில் சுமார் 2% தழைச்சத்து இருக்கும். 400 கிலோ போட்டால் 8 கிலோ, அதாவது தேவையில் பாதி. மீதி 8 கிலோவுக்கு 17-18 கிலோ யூரியா போதும். கோழி எருவில் மணிச்சத்தும் ஏறக்குறைய இதே அளவு இருப்பதால், டி.ஏ.பி மூட்டைக்கான செலவு பெருமளவு மிச்சம். சாம்பல்சத்தில் மட்டும் கொஞ்சம் குறையும். அதற்கு 3-4 கிலோ பொட்டாஷ் போடலாம்.

எருவின் தரம் பண்ணைக்குப் பண்ணை மாறும். எருவில் இருக்கும் சத்து முழுவதும் முதல் போகத்திலேயே கிடைத்துவிடாது. ஒரு பகுதி அடுத்த பயிருக்குத்தான் உதவும். அதனால், மண் பரிசோதனை செய்து அளவை முடிவு செய்வது நல்லது. சேலம் மாவட்ட விவசாயிகள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஒரே கூடையில் கலக்காதீங்க!

பலரும் தப்பு செய்வது இங்கேதான். யூரியாவையும் ஈர எருவையும் ஒன்றாகக் கலந்தால், தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். எருவைக் கடைசி உழவில் அடியுரமாகப் போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். யூரியாவை 25-30 நாள்கள் கழித்து, களை எடுத்த பிறகு, மண்ணில் ஈரம் இருக்கும்போது மேலுரமாகக் கொடுக்க வேண்டும்.

அதுவும் ராகி வரிசைக்கு மட்டும்! எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை என்று விதைத்திருந்தால், துவரை வரிசையை விட்டுவிடுங்கள். துவரையின் வேர் முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். பக்கத்தில் யூரியா குவிந்தால் அந்த வேலை சுணங்கிவிடும்.

பச்சை எரு ஆபத்து

பண்ணையிலிருந்து வந்த சூட்டோடு எருவைப் போட்டால் இளம்பயிர் கருகும், ஈத்தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த இலைச்சருகுடன் குவித்து, ஈரம் காயாமல் புரட்டிவிட்டு மக்க வையுங்கள். குவியலுக்குள் சூடும் நெடியும் அடங்கி, நிறம் கரும்பழுப்பானால் எரு தயார். முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து கொடுப்பார்கள். அது எருவிலும் இருப்பதால், அமிலத்தன்மை உள்ள மலை மண்ணுக்குக் கூடுதல் நன்மை.

ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசுக்கே கிடைக்கும்போது, எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று தோன்றலாம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில், மானாவாரி ராகியில் 1978 முதல் நடக்கும் நீண்டகால ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ரசாயன உரம் மட்டும் போட்ட நிலத்தில் வருடங்கள் போகப்போக விளைச்சல் இறங்கியது. தொழு உரமும் சேர்த்துப் போட்ட நிலம்தான் தாக்குப்பிடித்தது.

யூரியா இந்த வருடத்துப் பயிருக்கு; எரு அடுத்தடுத்த வருடங்களின் மண்ணுக்கு. சரிவில் ஓர் ஏக்கரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இரண்டுமே வேண்டும்!