பழைய காமிராவுக்குள் படரும் பூசணம்

தந்தையோ பாட்டனாரோ பிரியமாகப் பாதுகாத்த பிலிம் காமிராவை நெடுநாள் கழித்துப் பீரோவிலிருந்து எடுத்து, அதன் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் படர்ந்திருக்கக் கண்டதுண்டா?

அது கீறலன்று, பூசணம். கண்ணாடியை அது உண்பதில்லை. அதன்மேல் படிந்த நுண்ணிய தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஆகாரமாகக் கொண்டு வளர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தினால் லென்ஸின் மேற்பூச்சை நாளடைவில் அரித்துவிடுகிறது. ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் நீர் நிறைந்த வயல்களுமாக, ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாகிவிடும் நம் காரைக்காலில் இந்தப் பூசணத்துக்கு என்ன குறை? அதிலும், காமிராவுக்குப் பாதுகாப்பென்று நாம் நம்பியிருக்கும் தோலுறைதான், ஈரத்தை உறிஞ்சித் தன்னுள்ளே நிறுத்திக்கொள்வதால், அதற்கு மிகவும் உகந்த வாசஸ்தலம்!

தாகேர் என்பவர் கண்ட புகைப்பட முறையை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்ட பிரெஞ்சு அரசாங்கத்தின் ஆளுகையில் அன்று இருந்த ஊர் இது என்பதை எண்ணும்போது, இங்குள்ள வீடுகளில் உறங்கும் பழைய காமிராக்களின்மேல் தனியொரு அபிமானம் பிறக்கிறது.

ஆகவே, தோலுறையைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மருந்துப் புட்டிகளில் வருகிறதே சிலிக்கா ஜெல், அந்தப் பொட்டலங்கள் சிலவற்றோடு காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூசணம் ஏற்கெனவே கண்டிருந்தால், மேற்பூச்சு அரிபடுமுன் பழுதுபார்ப்பதில் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.