சலப்பையிலே ஒரு கறுப்புக் கோடு

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, சிறுநீரில் இரத்தங் கண்டால் "உடம்புச் சூடு" என்று வெந்தய நீர் குடித்து இருந்துவிடுவோர் உளர். நோவு இராது, இரண்டொரு நாளில் இரத்தமும் நின்றுவிடும். ஆயின் நோவற்ற அவ்விரத்தமே சலப்பைப் புற்றுநோயின் முதற் குறியாதல் கூடும். புகைபிடித்தலே இந்நோய்க்குத் தலையாய காரணம்.

கட்டி சலப்பையின் தசைச் சுவருக்குள் இறங்கிவிட்டதா என்பதே வைத்தியரின் முதற் கேள்வி. இறங்கவில்லையேல், சிறுநீர் வரும் வழியாகவே கருவி செலுத்திச் சுரண்டி எடுப்பர். பலருக்குப் பின்னர் பீ.சீ.ஜி. மருந்தையும் சலப்பைக்குள் விடுவர். குழந்தைகளுக்குச் சயரோகத் தடுப்பாக ஏற்றும் அதே பீ.சீ.ஜி.தான்! இறங்கிவிட்டதாயின் சலப்பையையே அகற்றவும் நேரிடலாம். பசறையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒருநாட் பேர் போகுமே என்று தயங்கும் மாதங்களிலேதான் கட்டி ஆழ்கிறது.

ஆழத்தை அறிய எம்.ஆர்.ஐ. படம் உதவுகிறது. இதில் எக்ஸ் கதிர் இல்லை. காந்தமும் வானொலி அலையுமே உண்டு. ஒருவகைப் படத்தில் சிறுநீர் வெண்மையாகவும், கட்டி சாம்பல் நிறமாகவும், தசை கறுப்புக் கோடாகவும் தோன்றும். கோடு அறாதிருப்பின் ஆறுதல், அறுந்திருப்பின் ஐயம். அவ்வையத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அளக்கும் முறையொன்றை 2018இல் நிபுணர்கள் வகுத்தனர். சுரண்டுமுன் படமெடுத்தலே நன்று. சுரண்டிய புண்ணின் வீக்கம் பார்ப்பவர் கண்ணை மயக்கும்.