மூன்று வரிசை, நான்கு புள்ளி: பள்ளி விட்ட மாலைக்கு ஒரு சிக்குக் கோலச் சோதனை

கட்டம் போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு நான்கு வீதம் மூன்று வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். மொத்தம் 12 புள்ளி. இவற்றைச் சுற்றிச் சிக்குக் கோலம் போட்டால், கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடித்துவிடலாம். இப்போது இன்னொரு வரிசை சேர்த்து, நான்குக்கு நான்காக 16 புள்ளி வைத்து, அதே முறையில் போடுங்கள். எங்கே தொடங்கினாலும் ஒரே கோட்டில் முடியாது. நான்கு தனித்தனிக் கோடுகள் வரும். கூடியது நான்கே நான்கு புள்ளி. ஒரு கோடு எப்படி நான்காயிற்று?

பள்ளி விட்டு வந்து, டிபன் சாப்பிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கைபேசியைத் தேடும் குழந்தையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடை தேடுவதற்கு ஒரு பென்சிலும் நாலைந்து கலர் பென்சிலும் போதும். தேடிக் கண்டடைவது ஓர் உண்மையான கணித விதி. அதை யாரும் சொல்லித்தராமல், தன் கையால் போட்டுப் பார்த்தே ஒரு குழந்தை கண்டுபிடிக்க முடியும். வீட்டில் செய்யக்கூடிய விளையாட்டுகளில் சிக்குக் கோலத்தை நான் முதலிடத்தில் வைப்பது இதற்காகத்தான்.

கோட்டுக்கு உண்டு ஒழுங்கு

புள்ளிக் கோலத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்றில் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூவும் மயிலும் விளக்கும் வரைவோம். மற்றொன்றில் கோடு புள்ளியைத் தொடுவதே இல்லை. புள்ளிகளுக்கு இடையே வளைந்து நெளிந்து சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே முடியும். இதுதான் சிக்குக் கோலம். கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள்.

மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வந்தால் இரண்டு வகையையும் பார்க்கலாம். கோலமாவும் கோலப் புத்தகமும் அப்போது தெருவோரக் கடைகளில் குவிந்திருக்கும். ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியின் தார்ச்சாலையே கோலப் போட்டிக்குக் களமாகிவிடும். ஆனால் தி.நகரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறிய பிறகு, பல குடும்பங்களுக்கு வாசல் என்பது லிஃப்ட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள சிறு இடம்தான். அங்கே ஸ்டிக்கர் கோலம் ஒட்டிக்கிடக்கிறது. ஸ்டிக்கரில் கோலத்தின் உருவம் மட்டுமே உண்டு. அந்தக் கோடு எப்படிப் போனது என்பது அதில் தெரியாது. குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் போக்கைத்தான்.

அதற்கு முதலில் தாளே போதும். விதிகள் எளியவை.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, சரியாக மையத்தில், பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி போடுங்கள். இடவலமாக அடுத்தடுத்துள்ள புள்ளிகளுக்கு நடுவிலும் போட வேண்டும். மேல்கீழாக உள்ளவற்றுக்கு நடுவிலும் போட வேண்டும். மூன்று வரிசை, நான்கு புள்ளிக்கு இப்படி 17 குறிகள் வரும். இவைதான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள். இனி ஒவ்வொரு குறியின் கைகளையும் அருகில் உள்ள அடுத்த குறியின் கையோடு வளைவாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு குறிக்குள் நுழைந்தால் நேர் எதிர்க் கை வழியாகத்தான் வெளியேற வேண்டும். நடுவில் திரும்பக் கூடாது. ஓரத்துக்கு வந்துவிட்டால், ஓரப் புள்ளியை வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வர வேண்டும்.

புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு கோடு முடிந்தது. கடக்காத கைகள் மிச்சம் இருந்தால், வேறு நிறத்தில் அடுத்த கோட்டைத் தொடங்குங்கள். எத்தனை நிறம் தேவைப்பட்டதோ அத்தனை கோடு.

போட்டுப் பார்த்து எழுதும் பட்டியல்

சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போகட்டும். ஒவ்வொன்றையும் போட்டு முடித்ததும் விடையை ஓர் ஓரத்தில் குழந்தையே எழுதிக்கொண்டு வரட்டும்.

2 வரிசை, 2 புள்ளி: 2 கோடு
2 வரிசை, 3 புள்ளி: 1 கோடு
2 வரிசை, 4 புள்ளி: 2 கோடு
3 வரிசை, 3 புள்ளி: 3 கோடு
3 வரிசை, 4 புள்ளி: 1 கோடு
3 வரிசை, 6 புள்ளி: 3 கோடு
4 வரிசை, 6 புள்ளி: 2 கோடு

பெரும்பாலான குழந்தைகள் முதலில் வேறு விதிகளைச் சொல்வார்கள். "சதுரமாக இருந்தால் நிறைய கோடு" என்று ஒருவர் சொல்லலாம். "இரட்டைப்படை வந்தால் இரண்டு கோடு" என்று இன்னொருவர் சொல்லலாம். மறுக்காதீர்கள், அடுத்த கோலத்தைப் போடச் சொல்லுங்கள். மூன்றுக்கு ஆறு போட்டதும் இரண்டாவது ஊகம் விழுந்துவிடும். ஊகம் செய்வது, சோதிப்பது, தவறினால் மாற்றிக்கொள்வது ஆகியவைதான் அறிவியலின் அன்றாட வேலை.

உண்மையான விதி இது: வரிசை எண்ணிக்கை, புள்ளி எண்ணிக்கை ஆகிய இரண்டையும் மீதமின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு வரும். பள்ளிக் கணக்கில் மீப்பெரு பொதுக் காரணி என்று படிக்கிறோமே, அதுவேதான். 4, 6 இரண்டையும் வகுக்கும் மிகப்பெரிய எண் 2. ஆகவே இரண்டு கோடு. 3, 4 இரண்டுக்கும் 1 தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே ஒரே கோடு. புள்ளிகள் முழுச் செவ்வகமாகவோ சதுரமாகவோ இருந்து, எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டிக்கொண்டால் இந்த விதி ஒருபோதும் பொய்க்காது. ஊடுபுள்ளி வைத்தோ, ஒன்று, மூன்று, ஐந்து என்று விரித்துச் சுருக்கியோ போடும் கோலங்களுக்கு இது பொருந்தாது.

ஏன் அப்படி?

கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கிறது. கோடு என்பது அதற்குள் சாய்வாக ஓடும் காய். சட்டத்தில் பட்டால் வந்த சாய்விலேயே திரும்பி ஓடும். ஓரத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே சட்டத்தில் ஓர் இடம் உண்டு. மூன்றுக்கு நான்கு கோலத்தில் 4, 3, 4, 3 ஆக 14 இடங்கள்.

புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தை ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலம் போய்த் திரும்ப 8 அடி. மேலிருந்து கீழ் போய்த் திரும்ப 6 அடி. இரண்டும் ஒரே சமயத்தில் முடிந்தால்தான் காய் புறப்பட்ட இடத்துக்குப் பழைய திசையிலேயே வந்து சேரும். 8, 6 இரண்டாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 24. இந்த 24 அடிக்குள் அது பக்கச் சட்டங்களை 6 முறையும் மேல்கீழ்ச் சட்டங்களை 8 முறையும் தொடும். ஆக 14. எல்லா இடமும் தொட்டாயிற்று. மிச்சம் எதுவும் இல்லை. அதனால்தான் ஒரே கோடு.

நான்குக்கு நான்கில் போகவர 8 அடி, மேல்கீழும் 8 அடி. எட்டாவது அடியிலேயே சுற்று முடிந்துவிடும். அதற்குள் தொட்டது 4 இடம்தான். சட்டத்தில் உள்ளவை 16. ஆகவே நான்கு கோடு வேண்டியிருக்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்புக் குழந்தை இதை வேறு எண்களுக்குத் தானே செய்துபார்க்கலாம். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று கேட்கும் குழந்தைக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது.

பல கோட்டை ஒன்றாக்குவது

கோலம் போடுகிறவர்கள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டு நின்றுவிடவில்லை. இரு வேறு கோடுகள் வெட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே வெட்டாமல் இரண்டையும் விலகி வளையச் செய்தால், இரண்டு கோடும் ஒரே கோடாகிவிடும். இது எப்போதும் பலிக்கும். இரண்டுக்கு இரண்டு கோலத்தில் ஓர் இடத்தை மாற்றினால் போதும். நான்குக்கு நான்கில் மூன்று இடம் மாற்ற வேண்டும். ஆனால் மூன்று இடத்தை மாற்றினால், நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருந்த அழகு கெட்டுவிடும். ஒரே கோடும் வேண்டும், நாற்புறமும் ஒப்பாகவும் இருக்க வேண்டும் என்றால் எங்கெங்கே மாற்றுவது என்று யோசிக்க வேண்டும். பாட்டிமார் தரையைப் பார்த்ததும் கை தானாகப் போவது போலத் தோன்றுமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த யோசனைதான்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு கோலம் சொல்கிறேன். ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளி வையுங்கள். நடுப் புள்ளியை விட்டுவிட்டு, மிச்சத்தை இரண்டுக்கு மூன்றாக நான்கு செவ்வகங்களாகப் பிரியுங்கள். காற்றாடி இறக்கை போல ஒன்றையடுத்து ஒன்று சுற்றி அமையும். ஆளுக்கு ஒரு செவ்வகத்தை ஒரே கோட்டில் போடுங்கள். நடுப் புள்ளிக்கு ஒரு சுழி. அந்தப் புள்ளிக்கு நான்கு பக்கத்திலும் அண்டைப் புள்ளி ஒன்று இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் செவ்வகத்தைச் சேர்ந்தது. அந்த நான்கு இடத்திலும் நடுச் சுழியும் அண்டைக் கோடும் வெட்டிக்கொள்ளும்படி இணையுங்கள். ஐந்து தனிக் கோடுகள் ஒரே கோடாகும். கோலத்தைக் கால்வட்டம் திருப்பிப் பார்த்தாலும் அப்படியே இருக்கும்.

2, 3, 5 என்பவை ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள். இந்த வரிசையை வைத்துச் சதுரங்களையும் செவ்வகங்களையும் பின்னிப் பெரிய கோலங்கள் உருவாக்கும் முறையை எழுதியவர் எஸ். நாரணன் என்ற இயற்பியலாளர்.

தாம்பரத்திலிருந்து அங்கோலா வரை

கோலத்தைக் கணித ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியங்களுக்கு இலக்கண விதிகள் இருப்பது போலப் படங்களுக்கும் விதிகள் எழுத முடியுமா என்பது அன்றைய கணினி அறிவியலின் கேள்வி. ஒரு சிறு உருவமும் சில விதிகளும் தந்தால், அதே வகைக் கோலத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். கமலா கிருத்திவாசன் பின்னர் ஐஐடி மெட்ராஸில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தார். கோலம் போடும் பெண்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதிலும் கிஃப்ட் சிரோமணிக்கு ஆர்வம் இருந்தது.

ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டே கதை சொல்வார்கள். சோனா என்று பெயர். அதைப் போடுகிறவர்கள் ஆண்கள். மொசாம்பிக்கின் கணிதப் பேராசிரியர் பவுலஸ் கெர்டஸ் சோனாவை விரிவாக ஆராய்ந்தார். தமிழர் கோலங்களைப் பற்றியும் எழுதினார். பொதுக் காரணி விதி இரண்டுக்கும் ஒன்றேதான். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலும் மணலில் ஒரே கோட்டில் வரையும் மரபு உண்டு. 2003-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

தாளிலிருந்து தரைக்கு

தாளில் கை பழகிய பிறகு தரைக்கு வாருங்கள். பால்கனியோ மொட்டை மாடியோ போதும். முதலில் சாக்பீஸ், அப்புறம் மாவு. தரையைக் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போது போட்டால் மாவு பறக்காமல் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவை வைத்து, விரலைத் தேய்த்தபடி கையை நகர்த்த வேண்டும். தேய்க்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போனால்தான் இழை ஒரே பருமனாக விழும். மிக நைசான அரிசி மாவு விரலில் ஒட்டிக் கட்டியாகும். சற்றே கரகரப்பான மாவு சீராக இறங்கும். கல் மாவாக இருந்தால் சிறு குழந்தைகள் முகத்தருகே தூவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

புள்ளி வைப்பதையும் அவசரமாகச் செய்ய வேண்டாம். இடைவெளி ஒன்றுபோல இல்லாவிட்டால் கோடு வழி தவறும். முதலில் நடு வரிசை, பிறகு அதற்கு மேலும் கீழும் என்று வைத்தால் கோணாமல் வரும்.

வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் உட்காரவையுங்கள். எந்த இடத்தில் வளைத்தால் கோடு ஒன்றாகும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஏன் ஒன்றாகிறது என்பதைப் பேரக்குழந்தை தாளில் கணக்குப் போட்டுச் சொல்லும். மகனையும் மகளையும் சமமாக அழையுங்கள். எண்ணுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. இன்று மாலை ஐந்துக்கு ஏழு புள்ளி வைத்து, எத்தனை கோடு வரும் என்று போடுவதற்கு முன்பே ஊகிக்கச் சொல்லுங்கள். விதியை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அதைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி குழந்தைக்கு உரியது.