டிராக்டர் ஓட்ட எந்த உரிமம் வேண்டும்?

நெல் மூட்டைகளை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு செல்லவும், கரும்பை ஆலைக்கு அனுப்பவும் டிராக்டரும் மினி லாரியும் இன்றியமையாதவை. இவற்றை ஓட்டுபவரிடம் தகுந்த உரிமம் இல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்க இடமுண்டு. ஒரே விபத்தில் நிலத்தை விற்கும் நிலை வரலாம். ஆகவே, மாறியுள்ள விதிகளை உழவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முன்பிருந்த நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டு செய்த திருத்தத்திற்குப் பின், இலகு ரக உரிமம் உள்ளவரும் சரக்கு வண்டி ஓட்டத் தனியே 'பேட்ஜ்' பெற வேண்டும் என்று பலரும் கருதினர். பேட்ஜ் இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்காடி வந்தன.

இன்றைய நிலை

இலகு ரக உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை பேட்ஜ் இன்றியே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று இதனை உறுதி செய்தது. அபாயகரமான பொருள்களை ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

லாரிக்கு மொத்த எடை என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்தது. டிராக்டருக்கோ சுமையற்ற எடையே கணக்கு. நம் வயல்களில் உழும் டிராக்டர்கள் இந்த வரம்புக்கு மிகவும் உட்பட்டவையே. டிரெய்லர் இணைத்திருப்பதால் மட்டும் டிராக்டர் உரிமம் செல்லாததாகிவிடாது.

கனரக வண்டிகளுக்கு

7,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.

கவனிக்க வேண்டியவை

1. இரு சக்கர வண்டி உரிமம் மட்டும் இருந்தால் டிராக்டர் ஓட்டக் கூடாது.

2. பதிவுச் சான்றில் உள்ள எடையைப் பார்த்த பிறகே ஓட்டுநரை அமர்த்தவும்.

3. உரிமம் காலாவதியாகும் முன்னரே புதுப்பிக்கவும்.

4. 18 வயது நிரம்பாத பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

5. டிரெய்லரில் கூலியாட்களை ஏற்றிச் செல்வதைத் தவிர்க்கவும். காப்பீட்டுப் பத்திரத்தில் எந்தப் பணிக்குக் காப்பீடு என்று குறித்திருப்பதையும் படித்துப் பார்க்கவும்.

அறுவடைக்கு வண்டி இறங்குமுன் உரிமத்தையும் காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது உழவர்க்கு நலம் பயக்கும்.